மணிமங்கலப் போர்: புதினமும் செப்பேடும்

பல்லவர் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோர்க்கு முதலில் நினைவுக்கு வருவது யாது? காஞ்சி நகரத்துக் கோயில்களும் மாமல்லபுரத்துச் சிற்பங்களும் சிலர்க்கு நினைவு வரலாம். ஆனால் பலர்க்கு நினைவு வருவன ஆயனர் வாழ்ந்த கானகத்துச் சிற்ப வீடும், அவர் மகள் சிவகாமியின் நடனமும், நாகநந்தி அடிகளின் கொடிய பார்வையுமே ஆகும். கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி எழுதிய 'சிவகாமியின் சபதம்' என்னும் வரலாற்றுப் புதினம் தமிழ் மக்கள் உள்ளத்தில் அவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது. 1944 முதல் 1946 வரை 'கல்கி' வார இதழில் அது தொடர்கதையாக வெளிவந்தது. இதழ் வரும் நாளை எதிர்பார்த்திருந்து, வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்ட காலம் அது. தொடர்கதைப் பக்கங்களைத் தனியே எடுத்துத் தைத்து, அட்டை கட்டிப் பேணிவந்த குடும்பங்கள் பல.

இத்துணைப் பேர் விரும்பிப் படித்த நூலைப் பற்றி அதன் வாசகர்கள் ஒருமித்த கருத்துக் கொண்டிருக்கின்றனரா என்றால், இல்லை என்றே கூறவேண்டும். ஒரு சாரார், "பல்லவர் பெருமையைப் பாமரரும் அறியச் செய்தது இந்நூலே, வரலாற்றுப் பேராசிரியர்கள் செய்ய முடியாததை இது செய்தது" என்பர். மற்றொரு சாரார், "கற்பனையையே உண்மை என நம்பச் செய்து, மெய்யான வரலாற்றை மறைத்துவிட்டது" என்பர். இவ்விரு சாராரும் ஒருவர் கூற்றை மற்றவர் செவிமடுப்பது அரிது. எனினும் இந்த வழக்கைத் தீர்த்துக்கொள்ளச் சான்றுகள் இல்லாமல் இல்லை. அச்சான்றுகளுட் சில, நமக்கு மிக அருகிலேயே உள்ளன.

திருப்பெரும்பூதூரை அடுத்துள்ள பிள்ளைப்பாக்கத்தை எண்ணிப் பாருங்கள். ஏரியும் கழனியுமாக இருந்த அவ்வூர் இன்று தொழிற்பூங்கா அமைந்த ஊர். ஒரகடம் வரையிலும் தொழிற்சாலைகள் நிறைந்துள்ள வட்டாரம் அது. பல மாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர் அங்குப் பணிபுரிகின்றனர். அவர்கள் நாள்தோறும் கடந்து செல்லும் சாலைகள் பழைய தொண்டை மண்டலத்தின் போர்க்களங்களுக்கு நடுவே செல்கின்றன என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? பிள்ளைப்பாக்கத்திற்குக் கிழக்கே சிறிது தொலைவில் மணிமங்கலம் என்னும் ஊர் இருக்கிறது. அதற்கும் அப்பால், வடகிழக்கே, பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூர். மேற்கே காஞ்சியை நோக்கிச் சென்றால், கூரம் என்னும் சிற்றூரும் புள்ளலூரும் உள்ளன. 'சிவகாமியின் சபதம்' பற்றிய வழக்கில் சான்று கூறத்தக்கவை இந்த நான்கு ஊர்கள்.

முதலில் புதினம் கூறும் கதையைச் சுருக்கமாகக் காண்போம். வாதாபியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி பெரும்படையுடன் தொண்டை நாட்டின்மேல் வருகிறான். மகேந்திர பல்லவர் காஞ்சிக் கோட்டையை முற்றுகைக்கு ஆயத்தம் செய்து காக்கின்றார். முற்றுகை தளர்ந்தபின் மணிமங்கலத்தில் போர் நிகழ்கிறது. மகேந்திரர் அங்குப் படுகாயமுறுகிறார். சிவகாமியோ சாளுக்கியரால் சிறைபிடிக்கப்பட்டு வாதாபிக்குக் கொண்டுபோகப்படுகிறாள். கசையடி படும் தமிழ்நாட்டுக் கைதிகளைக் காப்பதற்காக அவள் அந்நகரத்து நாற்சந்திகளில் நடனமாட நேர்கிறது. அந்த அவமானத்தைத் தாங்காமல், வாதாபி தீக்கிரையானாலன்றி அந்நகரை விட்டு வெளியேறுவதில்லை என்று அவள் சபதம் செய்கிறாள். ஆண்டுகள் பல கழிந்தபின் நரசிம்மவர்மரும் தளபதி பரஞ்சோதியும் வாதாபியை வென்று எரியூட்டுகின்றனர். ஆனால் அதற்குள் மாமல்லர் பாண்டிய இளவரசியை மணந்துவிட்டார். சிவகாமி காஞ்சி ஏகாம்பரநாதரையே தன் நாயகனாக ஏற்கிறாள்.

இனிச் சான்றுகளுக்கு வருவோம். சாளுக்கியர் பக்கத்துச் சான்று, இன்றைய கர்நாடகத்தில் உள்ள ஐகொளெயின் மேகுதிக் கோயிற் கல்வெட்டு. இரவிகீர்த்தி என்னும் புலவர் கி.பி. 634-35இல் வடமொழியில் பாடியது அது. தன்னை எதிர்த்த பல்லவ வேந்தனைப் புலிகேசி காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கச் செய்தான் என்று அது பெருமை பேசுகிறது. பல்லவர் பக்கத்திலோ, பிற்காலத்து இரண்டாம் நந்திவர்மனின் காசாக்குடிச் செப்பேடுகள், புள்ளலூரில் மகேந்திரவர்மன் தன் பகைவரை அழித்தான் என்கின்றன. பகைவர் யார் என்று அவை பெயர் குறிக்கவில்லை. ஒரே போரைப் பற்றி இரு தரப்பாரும் தத்தம் வெற்றியையே பேசினரா, அன்றி இவை வேறு வேறு போர்களா என்று அறிஞர் ஆராய்வதற்கு இதுவே காரணம்.

மணிமங்கலத்தைக் குறிப்பிடுவது கூரம் செப்பேடு. நரசிம்மவர்மனின் பேரனாகிய முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில், ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அது பொறிக்கப்பட்டது. பரியலம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில் நரசிம்மவர்மன் புலிகேசியைப் புறங்காணச் செய்தான் என்றும், அகத்தியர் வாதாபி என்னும் அசுரனை அழித்தது போல வாதாபி நகரை அழித்தான் என்றும் அது கூறுகிறது. வாதாபியின் வீழ்ச்சி கி.பி. 642இல் நிகழ்ந்தது என்பர். அந்நகரத்துப் பாறை ஒன்றில் நரசிம்மவர்மனின் கல்வெட்டு சிதைந்த நிலையில் இன்றும் உள்ளது. இலங்கையின் வரலாற்று நூலாகிய மகாவம்சத் தொடர்ச்சியும், மானவர்மன் என்னும் சிங்கள இளவரசன் காஞ்சியில் அடைக்கலம் புகுந்து, வல்லப மன்னனோடு நிகழ்ந்த போரில் நரசிம்மனுக்குத் துணைநின்றான் என்று கூறுகிறது. அயல்நாட்டு நூல் ஒன்று நம் நாட்டுச் செப்பேட்டுக்கு அரண் செய்வது வரலாற்று மாணவர் போற்றத்தக்க பேறு அன்றோ?

பரஞ்சோதியைப் பற்றிய செய்தி குன்றத்தூர்ச் சேக்கிழார் வழியே நமக்குக் கிடைக்கிறது. சிறுத்தொண்ட நாயனார் துறவுக்கு முன் படைத்தலைவராக இருந்து வாதாபியை அழித்து, யானைகளும் குதிரைகளும் மணிகளும் கொணர்ந்து தம் அரசனுக்கு அளித்தார் என்பது பெரியபுராணச் செய்தி. அந்த அரசன் பெயரைச் சேக்கிழார் கூறவில்லை. வாதாபி என்னும் ஊர்ப்பெயரைக் கொண்டே அவன் நரசிம்மவர்மன் என்று ஆராய்ச்சியாளர் துணிந்தனர். சேக்கிழார் வாழ்ந்தது பன்னிரண்டாம் நூற்றாண்டு. வாதாபிப் போர் நிகழ்ந்ததோ ஏழாம் நூற்றாண்டு. இடையே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் உள்ளன என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

இப்பொழுது புதினத்தையும் செப்பேட்டையும் மணிமங்கலத்தில் அருகருகே வைத்துப் பார்ப்போம். புதினத்தில் மணிமங்கலப் போர் மகேந்திரர் காலத்தது. அவர் குருதி சிந்திய களம் அது. செப்பேட்டிலோ அந்த வெற்றி நரசிம்மவர்மனுடையது. மகேந்திரன் அங்கு இருந்ததாக ஒரு சொல்லும் இல்லை. மகேந்திரன் மறைந்து, நரசிம்மவர்மன் அரியணை ஏறியபின், புலிகேசி மீண்டும் படையெடுத்து வந்தபோது நிகழ்ந்த போர் அது என்றே வரலாற்றாசிரியர் பெரும்பாலும் கொள்வர். அதாவது, தந்தை காலத்தில் ஒன்றும் மகன் காலத்தில் ஒன்றுமாக நிகழ்ந்த இரு படையெடுப்புகளைக் கல்கி ஒரே படையெடுப்பாகச் சுருக்கினார். கதைக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. தந்தை அடைந்த புண்ணும் காதலி அடைந்த இழிவும் ஒரே காலத்தில் நேர்ந்தால்தான் மகனின் சீற்றத்திற்கு வலிமை உண்டாகும். ஆனால் வரலாற்றுக்கு ஓர் இழப்பும் உண்டு. தன் தலைநகருக்கு அண்மையில் வந்துவிட்ட பகைவனை மணிமங்கலத்தில் எதிர்த்து நின்ற நரசிம்மவர்மனின் தற்காப்புப் போர், கதையில் தந்தையின் துன்பத்திற்குப் பின்னணியாகிவிட்டது.

வேறு சில வேறுபாடுகளும் உள்ளன. இவற்றுக்குக் கல்கியைக் குறைகூறுதல் முறையாகாது. அசந்தாவின் வண்ண ஓவிய மறையை அறிய ஆயனர் தவிக்கிறார் அல்லவா? அசந்தாவின் சிறந்த ஓவியங்களுட் பெரும்பாலானவை புலிகேசிக்கு முன்னரே, ஐந்தாம் நூற்றாண்டில், தீட்டப்பட்டன என்பது பிற்கால ஆய்வாளர் பலர் கொண்ட முடிபு. மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பெரும்பாலும் நரசிம்மவர்மனுக்கு உரியனவாகவே கல்கி காலத்து அறிஞர் கருதினர். 1962இல் இரா. நாகசாமி, அவை அனைத்தும் பிற்கால மன்னனாகிய இராசசிம்மனுடையவை என்று வாதித்தார். அவ்வாதத்தை ஏற்போரும் மறுப்போரும் உளர். ஒரு புதினம் தான் எழுதப்பட்ட நாளின் அறிவோடு நின்றுவிடுகிறது. ஆராய்ச்சியோ நடந்துகொண்டே இருக்கிறது. ஆதலின் ஒரு வரலாற்றுப் புதினத்தைக் கையில் எடுக்கும் மாணவர், கதை நிகழும் ஆண்டோடு அது எழுதப்பட்ட ஆண்டையும் நோக்குதல் வேண்டும்.

அவ்வாறாயின், புதினத்தைக் குறைகூறும் சாராரே வென்றுவிட்டனரா? அதுவும் இல்லை. கல்கியின் தொடர்கதை தொடங்கிய அதே 1944இல்தான் மா. இராசமாணிக்கனாரின் 'பல்லவர் வரலாறு' என்னும் ஆராய்ச்சி நூலும் வெளிவந்தது. 1950களில் மயிலை சீனி. வேங்கடசாமி மகேந்திரவர்மனைப் பற்றியும் நரசிம்மவர்மனைப் பற்றியும் தனித்தனி நூல்கள் எழுதினார். கதையைப் படித்து ஆர்வம் கொண்ட மாணவர்க்கு ஆராய்ச்சி நூல்கள் தமிழிலேயே காத்திருந்தன. கதை வாயிற்படி, அதைத் தாண்டி உள்ளே செல்லாதது நம் குற்றமேயன்றிப் படியின் குற்றம் அன்று. புதினம் வேண்டா என்று விலக்கிவைத்த இளைஞர் எல்லாரும் செப்பேடுகளைத் தேடிப் படித்தனர் என்றும் சொல்வதற்கில்லை.

இன்னும் ஒரு செய்தி. மணிமங்கல வெற்றியைக் கூறும் அதே கூரம் செப்பேடு எதற்காக எழுந்தது தெரியுமா? கூரத்துக் கோயிலுக்கு ஓர் ஊரைக் கொடையாக அளித்ததைக் குறிக்கவே அது எழுந்தது. பாலாற்றிலிருந்து ஏரிக்கு நீர் கொணரும் பெரும்பிடுகு வாய்க்காலைப் பற்றியும் அதில் பேச்சு உண்டு. அங்கிருந்த மண்டபத்தில் பாரதம் படிப்பவர்க்கென்றும் அக்கொடையில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. ஊர் மக்கள் கூடியிருந்து கதை கேட்பதற்கு அரசன் வழிவகை செய்தான்! போர் வரலாற்றைக் கூறும் செப்பேடே கதை படிப்பவர்க்கும் பங்கு அளித்துள்ளது. கதை வரலாற்றுக்குப் பகை என்போர் இதனைச் சிந்திப்பாராக.

ஆனால், வாசகர் கருத்து வேறுபாடு இதோடு முடிவதில்லை. உண்மை எது, கற்பனை எது என்னும் வினாவைக் காட்டிலும் கூர்மையான மற்றொரு வினா, தலைமுறை தலைமுறையாக இந்நூலைப் படித்தோரைப் பிரித்திருக்கிறது. மாமல்லர் மாறுவேடத்தில் வாதாபிக்கு வந்து அழைத்தபோது சிவகாமி உடன் போயிருக்கலாகாதா என்பதே அது. "போயிருந்தால் அவளும் வாழ்ந்திருப்பாள், ஒரு நகரமும் எரியாமல் தப்பியிருக்கும், அவள் பிடிவாதமே எல்லாவற்றுக்கும் காரணம்" என்பர் சிலர். "அவளை நாற்சந்தியில் ஆடவைத்தவர்க்குத் தண்டனை வேண்டாவா? அவள் மானத்தைப் பிடிவாதம் என்பது தகாது" என்பர் வேறு சிலர். சிவகாமி கற்பனைப் பாத்திரம். எந்தச் செப்பேடும் அவளை அறியாது. எனினும் இந்த வினா கற்பனை அன்று. ஓர் இழிவுக்கு ஈடாக ஒரு நகரத்தை எரிக்கலாமா என்பது, மெய்யாகவே எரிந்த ஒரு நகரத்தைப் பற்றிய வினா. வாதாபியில் மன்னன் மட்டுமா வாழ்ந்தான்? தச்சரும் நெய்வாரும் குழந்தைகளும் வாழ்ந்த ஊர் அல்லவா அது?

இவ்வினாவுக்கு விடை தேடுவார் புதினம் முடிந்த இடத்தில் நின்றுவிடலாகாது. 642ஆம் ஆண்டிற்குப்பின் நிகழ்ந்தவற்றையும் நோக்கவேண்டும். புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் தந்தையின் நாட்டை மீட்டான். பல்லவர்மேற் படையெடுத்துக் காஞ்சியைக் கைப்பற்றியதாகவும், காவிரிக் கரையில் உறையூரில் பாசறை அமைத்திருந்ததாகவும் 674ஆம் ஆண்டின் கத்வால் செப்பேடுகள் கூறுகின்றன. பரமேசுவரவர்மன் பெருவளநல்லூரில் அவனை எதிர்த்துப் பொருதான். அந்தப் பழிவாங்கும் போர்களின் காலத்து அரசன்தான் கூரம் செப்பேட்டில் தன் பாட்டனின் மணிமங்கல வெற்றியைப் பாடச் செய்தான். பகை மீண்டும் மூண்ட காலத்தில் எழுந்த புகழுரை அது என்பதை மறவாமல் அதனைப் படித்தல் வேண்டும். ஒரு தலைமுறையில் தொடுத்த அம்பு மூன்றாம் தலைமுறையிலும் பறந்துகொண்டிருந்தது.

எட்டாம் நூற்றாண்டில், 733 முதல் 744 வரை ஆண்ட இரண்டாம் விக்கிரமாதித்தன் என்னும் சாளுக்கியன் காஞ்சிக்குள் புகுந்தான். வாதாபி எரிந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பழிக்குப் பழி என்றால் அன்று காஞ்சி எரிந்திருக்கவேண்டும். ஆனால் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் தூண் ஒன்றில் அவன் பொறித்த கன்னடக் கல்வெட்டு வேறு செய்தி கூறுகிறது. அக்கோயிலின் செல்வத்தைக் கண்ட அவன் அதனைக் கவராமல் இறைவனுக்கே திரும்ப அளித்தான் என்பது அச்செய்தி. வென்றவன் தன்னைப் பற்றித் தானே கூறிக்கொண்டதுதானே என்று நீங்கள் ஐயுறலாம், ஐயுறுவது நன்று. ஆனால் அக்கோயில் இன்றும் நிற்கிறது. அது பொய்க்க முடியாத சான்று. அவனுடைய பட்டத்தரசி உலோகமாதேவி, கணவன் காஞ்சியை மும்முறை வென்றதன் நினைவாகப் பட்டடக்கல்லில் விரூபாட்சர் கோயிலை எடுப்பித்தாள். அக்கோயிலின் அமைப்பில் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் சாயலைக் கலைவாணர் காண்கின்றனர். பகைவர் நகரத்தின் அழகு, சாளுக்கியர் நாட்டுக் கல்லிலே இவ்வாறு இடம்பெற்றது.

கன்னட நாட்டு மாணவர்க்குப் புலிகேசி, நமக்கு மாமல்லர் போன்றவர். அம்மன்னரைப் போற்றிக் கன்னடத்தில் 1967இல் திரைப்படமும் வந்தது. நம் புதினத்துப் புலிகேசியை மட்டும் அறிந்த தமிழ் மாணவரும், அந்தத் திரைப்படப் புலிகேசியை மட்டும் அறிந்த கன்னட மாணவரும் பிள்ளைப்பாக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் அடுத்தடுத்து நின்று பணிபுரிகின்றனர் என்று கொள்வோம். அவர்கள் இருவரும் பேசத் தொடங்கினால் வழக்கு மூளும். ஐகொளெக் கல்வெட்டையும் கூரம் செப்பேட்டையும் இருவரும் அறிந்திருந்தால் அந்த வழக்கு உரையாடலாக மாறும். சான்றுகளைக் கற்பதனால் உண்டாகும் பயன் தேர்வில் மதிப்பெண் பெறுவதோடு முடிவதன்று. அண்டை நாட்டாரை நேர்மையோடு மதிக்கும் பண்பும் அதனால் உண்டாகிறது.

ஆகவே, மாணவர்களே, 'சிவகாமியின் சபத'த்தை விரும்பிப் படியுங்கள். சிவகாமிக்காகக் கண்ணீர் விட்டாலும் தவறில்லை. ஆனால் படித்து முடித்தபின் ஒரு தாளை எடுத்து மூன்று பகுதிகளாகப் பிரியுங்கள். கல்லிலும் செம்பிலும் உள்ளவை முதற் பகுதி. அவற்றைக் கொண்டு அறிஞர் ஊகித்தவை இரண்டாம் பகுதி. ஆசிரியர் தம் உள்ளத்திற் படைத்தவை மூன்றாம் பகுதி. புலிகேசியும் வாதாபியும் முதற் பகுதியில் அமைவர். பரஞ்சோதியின் அரசன் நரசிம்மவர்மனே என்பது இரண்டாவதில் அமையும். சிவகாமியும் ஆயனரும் நாகநந்தியும் மூன்றாவதில் அமைவர். அந்த மூன்றாம் பகுதியில் அமைவதனால் அவர்கள் மதிப்புக் குறையாது. அவர்களின் உரிய இடம் தெரியும், அவ்வளவே.

வாய்ப்புக் கிடைக்கும்போது மணிமங்கலத்திற்கும் ஒருமுறை சென்று வாருங்கள். அவ்வூர் இராசகோபாலப் பெருமாள் கோயிற் சுவர்களில் இராசாதிராசன், இரண்டாம் இராசேந்திரன், வீரராசேந்திரன் ஆகிய பதினோராம் நூற்றாண்டுச் சோழ மன்னரின் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றின் மெய்க்கீர்த்திகளும் சாளுக்கியரோடு நிகழ்ந்த போர்களையே பேசுகின்றன. ஆனால் இவர்கள் கலியாணியிலிருந்து ஆண்ட பிற்காலச் சாளுக்கியர். நரசிம்மவர்மனுக்கு நானூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அதே திசையிற் போர் நடந்திருக்கிறது. அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்க்கும்போது, இவற்றை எழுதச் செய்தவர் யார், எழுதாமல் விடப்பட்டவர் யார் என்று கேளுங்கள். வாதாபித் தெருக்களில் வாழ்ந்தவரின் பக்கத்துச் செப்பேடு ஒன்றும் நமக்கு வந்து சேரவில்லை. அவர்களுக்காகப் பேசுவதற்குச் சிவகாமியைப் பற்றிய நம் கருத்து வேறுபாடு ஒன்றுதான் இன்று எஞ்சியிருக்கிறது.